மேடையிலிருந்து தையல் மிஷின் விழுந்த விவரம்

29.04.2025 அன்று காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் திருமதி சசிரேகா விசாரித்து, சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது.

பெயர்: ஜெனிஃபர். வயது: 43. கணவர் பெயர்: பாண்டியன், வழக்கறிஞர் (காலஞ்சென்றவர்). விலாசம்: மாதா கோயில் தெரு, புதுக்காலனி, திருப்புலிவனம், உத்திரமேரூர் வட்டம், காஞ்சிபுரம் மாவட்டம். தொழில்: கூலி வேலை.

நான் மேற்கண்ட விலாசத்தில் என் மகள் நிஷாவுடன் வசித்து வருகிறேன். பிளஸ் டூ வரை படித்திருக்கிறேன். தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். எழுதியதை முழுவதும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று எஸ்.ஐ. அம்மாவிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். போலீசில் சொல்கிற வாக்குமூலம் கோர்ட்டில் நிற்காது என்று என் கணவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நின்றாலும் சரி, படுத்தாலும் சரி, நடந்தது ஒரு இடத்திலாவது எழுத்தில் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

என் கணவர் பதினெட்டு வருடமாக உத்திரமேரூர் கோர்ட்டில் வக்கீலாகத் தொழில் செய்து வந்தார். எங்கள் காலனியில் கறுப்புக் கோட்டு போட்ட முதல் ஆள் அவர்தான். ஜீவனாம்சம், பட்டா தகராறு, வரப்புச் சண்டை இப்படித்தான் அவரிடம் கேஸ் வரும். கட்சிக்காரர்கள் நெல் போட்டுக் காசு வந்த பிறகு ஃபீஸ் கொடுப்பார்கள், அல்லது அடுத்த போகத்துக்கு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் நான் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தேன். கல்யாணமான பிறகு அவர் அதை நிறுத்திவிட்டார். "வக்கீல் பொண்டாட்டி சேத்துல எறங்கனா எவன் கேஸ் கட்டு எடுத்துக்கினு வருவான்?" என்பார். அவர் போன பிறகு மறுபடியும் இறங்கிவிட்டேன். கால் இன்னும் பழகவில்லை.

உத்திரமேரூரில் தொழில் செய்யும் வக்கீல்கள் அத்தனை பேருக்கும் நீதிமுரசு வழக்கறிஞர்கள் சங்கம் என்று ஒரே சங்கம். அதன் செயலாளர் திரு. தாமோதரன். இந்த வழக்கில் புகார் கொடுத்திருப்பவரும் கால் எலும்பு முறிந்தவரும் அவரே. ஒவ்வொரு வருடமும் பொங்கல் கழிந்ததும் அவர் ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கோர்ட்டு வராண்டாவில் வருவார். வாங்குவது இரண்டு. ஒன்று ஆண்டுச் சந்தா. அதைக் கட்டினால்தான் உறுப்பினர். உறுப்பினர் இறந்துபோனால் அவர் குடும்பத்துக்குச் சங்கம் குடும்ப நிதி கொடுக்கும். இன்னொன்று அறக்கொடை. இது வெளியில் உள்ள ஏழைகளுக்கு. ஆண்டுவிழா மேடையில் மூன்று சக்கர சைக்கிள், தையல் மிஷின், நோட்டுப் புத்தகம் என்று வாங்கிக் கொடுப்பார்கள். அறக்கொடை அவரவர் இஷ்டம் என்று ரசீதிலேயே அச்சடித்திருக்கும்.

நடைமுறை அப்படியில்லை. சந்தா கட்டினால் ஒரு ஆளுக்கும் தெரியாது. அறக்கொடை கொடுத்தால் விழா அழைப்பிதழில் பெயர் வரும், மேடையில் மைக்கில் வாசிப்பார்கள், பெண்டாட்டி பிள்ளைகள் கீழே உட்கார்ந்து கேட்பார்கள். அதனால் எல்லோரும் அறக்கொடையை முந்திக்கொண்டு கொடுத்துவிட்டு, சந்தாவை ஆறப்போட்டு மெதுவாகக் கட்டுவார்கள். கட்டாயத்தைத் தள்ளிப்போட்டு இஷ்டத்தை அவசரமாகச் செய்கிற கூட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஊருக்கெல்லாம் கெடு தேதி சொல்லிக் கொடுக்கிறவர்களுக்குத் தங்கள் கெடு தேதி கண்ணில் படாது. தாமோதரன் சாரும் "சந்தா எங்க போய்டும் சார், அப்பால பாத்துக்கலாம். அழைப்பிதழ் அச்சுக்குப் போவுது, தர்மத்த மொதல்ல போடுங்க" என்றுதான் கேட்பார். அவர் என் வீட்டுக்காரரிடம் இப்படிக் கேட்டதை நானே பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

என் கணவர் அறக்கொடையை ஒரு வருடமும் விட்டதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. சங்கத்தில் சேர்ந்த முதல் வருடம் கையில் காசில்லாமல் அவர் கொடுக்கவில்லை. டீக்கடையில் ஒரு சீனியர், இப்போது அவர் உயிரோடு இல்லை, "பாண்டியனாண்ட இன்னாத்துக்குய்யா கேக்கற? அவங்க வாங்கிக்கிற சைடாச்சே" என்று சொல்லி, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். தானும் சிரித்ததைத்தான் அவரால் கடைசி வரை தாங்க முடியவில்லை. அன்று சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இதைச் சொன்னார், சாப்பிடாமல் கை கழுவினார். அடுத்த வருடத்திலிருந்து அழைப்பிதழில் அவர் பெயர் இல்லாமல் இருந்ததில்லை. வீட்டில் அரிசி இல்லாத பொங்கலும் உண்டு. இதை எழுதவேண்டுமா என்று எஸ்.ஐ. அம்மா கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

அதன் பிறகு இரண்டு, மூன்று வருடத்துக்கு முன்னால் சங்கத்தில் ஒரு தகராறு வந்தது. சென்னையில் தொழில் செய்கிற சிலர் இங்கே பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, சந்தா கட்டாமல், தேர்தலன்று காரில் வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள். அவர்களை வெளியே தள்ள ஒரு தீர்மானம் வேண்டும் என்று எல்லோரும் என் கணவரிடம்தான் வந்தார்கள். அவர் எழுத்து அப்படி. ஒரு வார்த்தை கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்து எழுதினார். இரண்டு வருடச் சந்தா பாக்கி வைத்தவர் பெயர் அந்த டிசம்பர் கடைசியோடு தானாகவே நீங்கிவிடும், தனியாக நோட்டீஸ் கொடுக்கவேண்டியதில்லை, பிறகு கட்டினாலும் பழைய தேதிக்குச் செல்லாது, யாருக்கும் விலக்கு இல்லை என்று எழுதி, எனக்கு வாசித்துக் காட்டினார். "எவனாலும் ஒடைக்க முடியாது ஜெனி. ஒரு ஓட்ட கெடையாது" என்றார். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். நல்லா இருக்கு என்று சொன்னேன். அந்தத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சென்னைக்காரர்கள் உஷாராகி, கெடுவுக்குள் மொத்தமாகச் சந்தா கட்டிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர்களில் ஒருவர் பெயரும் போகவில்லை.

நிஷா காஞ்சிபுரம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் நர்சிங் படிக்கிறாள். இது கடைசி வருடம். அவள் சேர்ந்ததிலிருந்து வீட்டில் எல்லாமே அவள் படிப்புக்குப் போனது. சந்தாவும் அப்படித்தான் நின்றுபோயிருக்க வேண்டும். அவர் என்னிடம் சொல்லவில்லை. அவருக்கே கணக்கு நினைவில் இருந்ததா என்றும் தெரியவில்லை. இந்த வருடம் பொங்கல் கழிந்து வழக்கம் போல அறக்கொடை கொடுத்தார். சந்தாவை மார்ச்சில் சேர்த்துக் கட்டிவிடுகிறேன் என்று தாமோதரன் சாரிடம் சொல்லியிருக்கிறார். அவர் பெயர் அதற்கு முந்தின டிசம்பரோடு நீங்கிவிட்டது. தாமோதரன் சாருக்கு அது தெரியும். சொல்லவில்லை.

அதன் பிறகு மார்ச் மாதம் முதல் வாரத்தில் என் கணவர் கோர்ட்டு முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆட்டோவில் ஏற்றும்போதே உயிர் இல்லை. மறுநாள் வக்கீல்கள் கோர்ட்டு வேலையை நிறுத்திவிட்டுக் கறுப்புக் கோட்டோடு எங்கள் தெருவுக்கு வந்தார்கள். அதற்கு முன் அவர்களில் பாதிப் பேர் எங்கள் தெருவுக்கு வந்தது கிடையாது. சங்கத்தின் பெயர் போட்ட மலர் வளையம் வைத்தார்கள். தாமோதரன் சார் பெட்டிக்குத் தோள் கொடுத்துக் கல்லறைத் தோட்டம் வரை நடந்தார். இதையும் எழுதச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் என்று நான் எங்கும் சொல்லவில்லை.

அதன் பிறகு நான் குடும்ப நிதிக்காகச் சங்கத்துக்குப் போனேன். நிஷாவின் கடைசிப் பரீட்சைக்குக் கட்டணப் பாக்கி முழுவதும் கட்டினால்தான் ஹால் டிக்கெட் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். அந்த நிதி ஒன்றைத்தான் நம்பியிருந்தேன். தாமோதரன் சார் நாற்காலி போட்டு உட்காரவைத்தார், டீ வாங்கி வரச் சொன்னார், டீ வரும் வரை மின்விசிறியைப் பற்றிப் பேசினார். பிறகு சொன்னார்.

"எப்டி சொல்றதுன்னே தெர்ல மா. சார் பேரு ரோல்ல இல்ல. ரெண்டு வருசம் சந்தா கட்டல. டிசம்பரோட பூட்ச்சி."

"இன்னா சார் சொல்றீங்க? பிப்ரவரி வரைக்கும் உங்ககூடதான இங்க குந்திக்கினு இருந்தாரு."

"குந்திக்கினுதான் இருந்தாரு. யாரு வாணாம்னு சொன்னது? சொல்லிடலாம்னு ரெண்டு தபா வாய் வரைக்கும் வந்துச்சி. அவரு மூஞ்சப் பாத்து சொல்ல மனசு வரல மா."

"பொங்கலுக்கு அப்பால அறக்கொட வாங்கனீங்களே? அப்பவே அவரு மெம்பரு இல்லதான?"

"அது யாரு வேணா குடுக்கலாம் மா. அதுக்கு மெம்பரா இருக்கணும்னு இல்ல."

என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் அதற்கு ஏதாவது மறுகேள்வி கேட்டிருப்பார். நான் தீர்மானத்தைக் கொஞ்சம் தளர்த்தக் கூடாதா, நிதி கொடுக்கத் தேவையான உறுப்பினர் சான்று ஒன்றை எழுதித் தரக் கூடாதா என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தளத்தறதுக்கு எடம் இருந்தா நான் தளத்த மாட்டனா? ரெண்டு மூணு பேரு சேந்து ஒக்காந்து பாத்துட்டோம். ஒரு சந்து கெடைக்கல. அத எழுதனது உங்க வூட்டுக்காரரு மா" என்றார். டீ வந்தது. குடித்துவிட்டு வந்தேன். குடிக்காமல் வந்தால் கோபித்துக்கொண்டு போனதாக நினைப்பார்களே என்று குடித்தேன்.

அதன் பிறகு மூன்று வாரம் நான் போகாத வீடு இல்லை. தலைவரைப் பார்த்தேன். முன்னாள் தலைவரைப் பார்த்தேன். எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், எல்லோரும் பாண்டியன் போல் ஒரு ட்ராஃப்ட் போட இனி ஆள் இல்லை என்றார்கள். ஒருவர் வழக்குப் போடுங்கள் என்றார். நீங்கள் போட்டுத் தருவீர்களா என்றேன். சிரித்தார். நிஷா படிப்பை விட்டுவிட்டு ஒரகடத்துக் கம்பெனி வேலைக்குப் போகிறேன் என்று ஒரு நாள் சொன்னாள். நான் அவளை அடித்துவிட்டேன். அவளை அதுவரை அடித்ததே இல்லை.

அதன் பிறகு ஏப்ரல் கடைசி வாரம், கோர்ட்டு விடுமுறைக்கு முன்னால் சங்கத்தின் ஆண்டுவிழா என்று அறிவித்தார்கள். என் கணவரிடம் ஜூனியராக இருந்து இப்போது தனியாகத் தொழில் செய்யும் வக்கீல் சுகிர்தா எனக்குப் போன் செய்தாள். "அக்கா, மேடைல குடுக்கறவங்க லிஸ்ட்ல உங்க பேரு கீதாம். இன்னான்னு சொல்ல மாட்றாங்க. நிதியாத்தான் இருக்கும்க்கா. மனசு எறங்கிட்டாங்கபோல. நிஷாவயும் இட்டுக்கினு வாங்க" என்றாள். அவள் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. அவளும் அப்படித்தான் நம்பினாள். நான் அன்று பகல் முழுவதும் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்தேன் என்று நிஷா பிறகு சொன்னாள். எனக்கு அது தெரியாது. அவர் போன பிறகு நான் பாடினது அன்று ஒரு நாள்தான்.

26.04.2025 சனிக்கிழமை மாலை நானும் நிஷாவும் பஸ் பிடித்து உத்திரமேரூர் கல்யாண மண்டபத்துக்குப் போனோம். கிறிஸ்துமஸுக்கு எடுத்த புடவையைக் கட்டியிருந்தேன். வாசலில் சந்தனம் கொடுத்தார்கள். உள்ளே போனதும் எங்களை வக்கீல் குடும்பங்கள் உட்கார்ந்திருந்த பக்கம் விடாமல், இடது பக்கம் ஓரமாகப் போட்டிருந்த பெஞ்சுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஊனமுற்ற ஒரு பெரியவரும் வேறு சில பெண்களும் இருந்தார்கள். மற்ற வருடங்களில் நான் எதிர்ப் பக்கம் உட்கார்ந்து இந்தப் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்போதும் எனக்குப் புரியவில்லை. நிதி வாங்குகிறவர்களும் இங்கேதான் உட்காரவேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு தலைவர் பேசினார், நீண்ட நேரம் பேசினார். அதன் பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். நானும் நிஷாவும் மேடை ஏறினோம். நிகழ்ச்சியை நடத்தியவர் வெளியூரிலிருந்து கூட்டிவந்த ஆள். கையிலிருந்த தாளைப் பார்த்து, "ஆதரவற்ற விதவை ஜெனிஃபர் அவர்களுக்குத் தையல் இயந்திரம்" என்று மைக்கில் வாசித்தார். இரண்டு பேர் காலால் மிதிக்கிற தையல் மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். படம் நன்றாக விழவேண்டும் என்று ஃபோட்டோக்காரர் அதை மேடையின் விளிம்பு வரை இழுக்கச் சொன்னார். என்னை அதன் மேல் கை வைக்கச் சொன்னார். வைத்தேன். கொஞ்சம் சிரிக்கச் சொன்னார். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். எனக்குத் தைக்கத் தெரியாது. தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதுவரை நான் சும்மாதான் நின்றேன். கொடுக்கிறதை வாங்கிக்கொண்டு இறங்கி, விற்றுக் கல்லூரிக்கு ஒரு பகுதியாவது கட்டலாம் என்றுகூட மனம் போனது. அந்த நேரத்தில் மைக்கில், "இந்த இயந்திரத்தை மனமுவந்து வழங்கும் கொடையாளர்கள்" என்று பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கை தட்டினார்கள். நாலைந்து பெயர் போன பிறகு, "திருப்புலிவனம் வழக்கறிஞர் திரு. பாண்டியன் அவர்கள்" என்று வாசித்தார்கள். அழைப்பிதழுக்கான பெயர்ப் பட்டியல் பிப்ரவரியிலேயே அச்சுக்குப் போய்விட்டதாம், யாரும் திருத்தவில்லை. வெளியூர் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. மற்றவர்களுக்குத் தட்டியது போலவே அவருக்கும் கை தட்டினார்கள். நிஷா என் முந்தானையைப் பிடித்து, "ம்மா, அப்பா பேரு" என்றாள்.

நான் இரண்டு கையாலும் மிஷினைத் தள்ளினேன். கை தவறியது, கால் இடறியது என்று எழுதிக்கொள்ளலாம் என்று எஸ்.ஐ. அம்மா நல்ல மனதோடு சொன்னார். வேண்டாம் என்றேன். தள்ளினேன். மிஷின் மேடைக்குக் கீழே விழுந்தது. கீழே தாமோதரன் சார் அடுத்து ஏறவேண்டியவர்களை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார். அவர் வலது கால் மேல் விழுந்தது. அவர் அங்கே நின்றதை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தள்ளியிருக்கமாட்டேன் அல்லவா என்று எஸ்.ஐ. அம்மா கேட்டார். தெரியாது என்று எழுதச் சொன்னேன்.

அதன் பிறகு ஒரே கூச்சல். யாரோ என் கையைப் பிடித்து முறுக்கினார்கள். யாரென்று தெரியும், பெயர் சொல்ல விரும்பவில்லை. "தர்மம் பண்ணப் போனா இப்டித்தான்" என்று ஒரு குரல் கேட்டது. அதற்குள் நிஷா மேடையிலிருந்து குதித்து, மிஷினைத் தூக்கச் சொல்லி, தாமோதரன் சார் காலை மடியில் வைத்துக்கொண்டாள். தலைவருக்குப் போர்த்திய சால்வையைக் கேட்டு வாங்கி, நோட்டுப் புத்தகக் கட்டுகளை இரண்டு பக்கமும் அணை கொடுத்துக் கட்டினாள். "கால அசைக்காதீங்க சார். விரல ஆட்டிப் பாருங்க. மரத்துப்போவுதா?" என்று கேட்டாள். தாமோதரன் சார் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லா கட்ற மா. எப்ப படிப்பு முடியுது?" என்று கேட்டார். அவள் முடிச்சை இறுக்கினாள். ஆம்புலன்ஸ் வரும் வரை அவர் காலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு போலீஸ் வந்து என்னை விசாரித்து, ஞாயிறன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் சங்கத் தலைவர் ஆள் அனுப்பினார். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, அதே தையல் மிஷினை ரிப்பேர் செய்து தருகிறோம், அதை நன்றியோடு பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டால், புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லி அனுப்பினார். தாமோதரன் சார் காலுக்கு எத்தனை மன்னிப்பு வேண்டுமானாலும் கேட்கிறேன், அவர் வீட்டுக்கே போய் கேட்கிறேன் என்றேன். அதில் எனக்கு மானம் ரோஷம் எதுவும் இல்லை, அவர் என் வீட்டுக்காரரைத் தோளில் சுமந்தவர். என்னைச் சிறையிலும் போடட்டும். பதிலுக்கு என் கணவர் சாகும்போது உங்கள் உறுப்பினர் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். வந்தவர் போன் போட்டுக் கேட்டுவிட்டு, "அது மட்டும் முடியாதாம் மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு நேற்று திங்கட்கிழமை காலை சங்கம் அவசரக் கூட்டம் போட்டு, செயலாளரைத் தாக்கிய எனக்காகச் சங்க உறுப்பினர் யாரும் எந்தக் கோர்ட்டிலும் ஆஜராகக் கூடாது என்று தீர்மானம் போட்டிருக்கிறது. மத்தியானம் சுகிர்தா பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து இதைச் சொன்னாள். அவள் அழுதாள். "நான் ஆஜரானா என்னயும் தூக்கிடுவாங்கக்கா. இப்பதான் நாலு கேஸு வருது. வூட்ல ரெண்டு கொழந்திங்க" என்றாள். நீ ஆஜராகாதே என்று நானே சொன்னேன். வழிச் செலவுக்கு வைத்திருந்த காசில் அவளுக்கு ஒரு சர்பத் வாங்கிக் கொடுத்தேன். வெயில் அப்படி அடித்தது.

நிஷாவின் கல்லூரியில் பணம் கட்ட நாளை கடைசி நாள். அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. இன்று காலை அவள் ஒரகடத்துக் கம்பெனி பஸ் எந்த இடத்தில் நிற்கும் என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் காதில் விழாதது போல் இருந்தேன். இந்த முறை அடிக்கவில்லை.

எனக்காக வாதாட வக்கீல் யாராவது உண்டா, இல்லையென்றால் அரசு இலவச வக்கீல் கேட்கிறீர்களா என்று எஸ்.ஐ. அம்மா கேட்டார். இலவச வக்கீல்களும் அதே சங்கம்தான் என்று அவருக்கும் தெரியும். கேட்கவேண்டியது அவர் கடமை, கேட்டார். நான் யோசித்துவிட்டுச் சொன்னேன். அந்தத் தீர்மானம் சங்கத்து உறுப்பினர்களைத்தான் கட்டுப்படுத்தும். உறுப்பினர் இல்லாத வக்கீல் என்றால் அது அவரைத் தடுக்காது. இந்த ஊரில் உறுப்பினர் இல்லாத வக்கீல் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவரை மார்ச் மாதம் திருப்புலிவனம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம்.

போலீஸ் விசாரணையில் சொன்னதற்குக் கையெழுத்து தேவையில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நான் கேட்டுக்கொண்டதன் பேரில் போடுகிறேன். இதில் உள்ளது எல்லாம் நான் சொன்னது, நடந்தது. படித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. என்னை யாரும் மிரட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை.

(ஒப்பம்)
பா. ஜெனிஃபர்

என் முன்னிலையில்,
சசிரேகா, உதவி ஆய்வாளர்